அவருடைய பிஸ்கெட்டையும் சேர்த்து எடுத்தேன்

நாங்கள் இருவரும் தண்ணீருக்கு அடியில் இருக்கும் குகைகளுக்குள் போய் வருகிறவர்கள் என்று சொன்னால் சாந்தோமில் ஒருவரும் நம்புவதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது பார்க்கிறவர்களுக்கு நான் எட்டாம் வகுப்புக் கணக்கு டீச்சர். என் கணவர் தேனாம்பேட்டையில் ஓர் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் உட்கார்ந்து, அடுத்தவர்களுக்கு என்னென்ன ஆபத்து வரலாம் என்று எழுதி வைக்கிறவர். இரண்டு பேருக்கும் வயிறு கொஞ்சம் முன்னால் வந்துவிட்டது. "டைவிங்கா? நீங்களா?" என்று கேட்டுவிட்டு என் புடவையை ஒரு தரம் மேலும் கீழும் பார்ப்பார்கள். அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் பார்ப்பேன்.

ஆரம்பித்தது அவர். நாற்பது வயதில் கடலில் டைவிங் கற்றுக்கொள்கிறேன் என்று கிளம்பினார். ஈரத் துண்டைக் கட்டிலில் போடுகிற மனிதர், பர்ஸை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு வீடு முழுக்க அலைகிற மனிதர், முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குகிறேன் என்றால் எந்த மனைவி தனியாக அனுப்புவாள்? நானும் சேர்ந்தேன். அவரைப் பார்த்துக்கொள்ளத்தான் போனேன். போன இடத்தில் எனக்கே பித்துப் பிடித்துவிட்டது. கடலிலிருந்து குகைக்குப் போனது முழுக்க என் பிடிவாதம். அதை அவர் இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார். பள்ளிக்கூடத்துக் கோடை விடுமுறையில் அவரும் லீவு போட்டு, இரண்டு தடவை மெக்சிகோ போனோம். அங்கே காட்டுக்குள் கிணறு மாதிரித் திறந்திருக்கும் நன்னீர்க் குகைகளில் முறையாகப் பயின்று சான்றிதழும் வாங்கினோம். நான் சொல்ல வந்தது மூன்றாவது பயணத்தில் நடந்தது.

மூச்சு முட்டினால் நேராக மேலே வந்துவிடலாம் என்பதெல்லாம் கடலுக்குத்தான். குகையில் தலைக்கு மேலே பாறை. வந்த வழியாகத்தான் திரும்ப வேண்டும், அந்த வழி முழுக்க ஒரு கயிற்றில் இருக்கிறது. சுண்டுவிரலில் கால்வாசி தடிமன்கூட இல்லாத வெள்ளை நைலான் கயிறு. வாசலிலிருந்து உள்ளே வரை பாறையில் இழுத்துக் கட்டியிருக்கும். தண்ணீர் தெளிவாக இருந்தால் அதைப் பார்த்துக்கொண்டே நீந்தலாம். தரையில் மாவு மாதிரிப் படிந்திருக்கும் வண்டல் கிளம்பிவிட்டால் கண் இருந்தும் பயனில்லை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாக்கிக் கயிற்றைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு தடவித் தடவி வர வேண்டும்.

ஒரே கயிறாக இருந்தால் கவலையில்லை. இடையில் கிளை பிரியும். அந்தச் சந்தியில் கயிற்றின் மேல் பிளாஸ்டிக் அம்புகள் மாட்டியிருக்கும். முனை இருக்கும் பக்கம் வாசல். ஆனால் சில குகைகளுக்கு இரண்டு வாசல். அங்கே ஓர் அம்பு இந்தப் பக்கம் காட்டும், இன்னொன்று அந்தப் பக்கம். இரண்டும் பொய் சொல்லவில்லை. நீங்கள் எந்த வாசலிலிருந்து வந்தீர்கள், சிலிண்டரில் மிச்சமிருக்கும் காற்று எந்த வாசல் வரை தாங்கும் என்பது அம்புக்குத் தெரியாது, அவ்வளவுதான். அதனால் உள்ளே போகும்போதே ஒவ்வொருவரும் தான் வந்த பக்கத்துக் கயிற்றில் ஒரு வட்டமான பிளாஸ்டிக் வில்லையை மாட்டிவிட்டுப் போக வேண்டும். நாங்கள் அதைப் பிஸ்கெட் என்போம். என்னுடையதின் ஓரத்தில் ஒரு வெட்டு, அவருடையதில் இரண்டு. இருட்டில் தடவினாலும் யாருடையது என்று தெரியும். திரும்பும்போது அவரவர் பிஸ்கெட்டை அவரவர்தான் எடுக்க வேண்டும். அடுத்தவருடையதைத் தொடவே கூடாது. ஒருவருடைய பிஸ்கெட் கயிற்றில் தொங்குகிறது என்றால், அவர் இன்னும் உள்ளே இருக்கிறார், அவர் வரவேண்டிய வழி இதுதான் என்று அர்த்தம்.

பயிற்சியில் இதை வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தவள் நான். பரீட்சையில் அவரைவிட எனக்குத்தான் மதிப்பெண் அதிகம்.

அன்று நாங்கள் இரண்டே பேர்தான். உள்ளே போகும்போது அவர் முன்னால் போனார். திரும்பும்போது நான் முன்னால். தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. காற்று வேண்டிய மட்டும் இருந்தது. சந்திக்கு வந்தேன். என் பிஸ்கெட்டைக் கழற்றிப் பையில் போட்டேன். பக்கத்தில் அவருடையது. அதையும் கழற்றிப் போட்டேன்.

யோசித்துச் செய்யவில்லை. காலையில் என் டிபன் டப்பாவை எடுக்கும்போது அவருடையதையும் எடுத்து வாசல் பக்கம் வைப்பேன். என் போனை சார்ஜரிலிருந்து பிடுங்கும்போது அவருடையதையும் பிடுங்குவேன். கோயிலில் பாட்டுப் புத்தகம் எடுத்தால் இரண்டாகத்தான் எடுப்பேன். ஒன்று மட்டும் எடுப்பது என்றால் என்னவென்றே என் கைக்குத் தெரியாது. பின்னால்தானே வருகிறார், அவருக்கு எதற்குச் சிரமம் என்று என்னைக் கேட்காமலேயே அது முடிவு செய்துவிட்டது.

கொஞ்சம் தாண்டித் திரும்பிப் பார்த்தேன். அவருடைய டார்ச் வெளிச்சத்தைக் காணோம். டீயில் பால் விட்ட மாதிரி வண்டல் குகையை அடைத்துக்கொண்டு வந்தது. நடந்தது பிறகுதான் தெரியும்: அவருடைய காலில் மாட்டியிருந்த நீச்சல் துடுப்பின் வார் கயிற்றில் சிக்கியிருக்கிறது, அதை விடுவிக்கும்போது கால் தரையில் பட்டிருக்கிறது. அவர் பதறவில்லை. கயிற்றை விடாமல் தடவிக்கொண்டே சந்தி வரை வந்திருக்கிறார். அதுவரை அவர் செய்ததெல்லாம் சரி. சந்தியில் தடவினார். ஓர் அம்பு. இன்னோர் அம்பு. பிஸ்கெட் இல்லை.

நான் அவரிடமிருந்து ஐந்தாறு மீட்டர் தள்ளித்தான் இருந்தேன். டார்ச்சை ஆட்டி ஆட்டிப் பார்த்தேன். ஒன்றும் போய்ச் சேரவில்லை. காத்திருந்தேன். அவர் வரவில்லை என்றதும் கயிற்றைப் பிடித்தபடி திரும்ப உள்ளே போனேன். சந்தியில் என் விரல் தொட்டது அவருடைய கையை. இரண்டு பக்கத்துக் கயிற்றையும் ஒரே கையில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றிருந்தார். அவர் என் கையைப் பிடித்த பிடியில் எலும்பு வலித்தது. அப்படியே ஒருவரை ஒருவர் விடாமல் வெளியே வந்தோம்.

தலை தண்ணீருக்கு மேலே வந்ததும் கேட்டார்.

"என் பிஸ்கெட் எங்க?"

"அங்கதான் இருந்திருக்கும். உங்களுக்குத் தேடத் தெரியல" என்றேன். என் வாய் அப்படிப் பழகிய வாய். சொல்லிக்கொண்டே பையில் கையை விட்டேன். இரண்டு வந்தன.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி, அழுது, முடித்திருப்பேன். பயணத்தின் மிச்ச நாட்களில் நாங்கள் குகைக்குள் போகவில்லை. கடற்கரையில் உட்கார்ந்திருந்தோம், ஊருக்குப் போனதும் என்ன சமைக்கலாம் என்று பேசினோம். அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசினோம்.

வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை நான் மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தவர் தானாகவே ஆரம்பித்தார்.

"அங்க நின்னுட்டு இருந்தப்ப என்ன நினைச்சேன் தெரியுமா? பிஸ்கெட் இல்லைன்னதுமே தெரிஞ்சுபோச்சு, இது உன் வேலைதான்னு. எந்தப் பக்கத்துலேர்ந்து எடுத்தியோ, அதுதான் தெரியல."

அடுப்பை அணைத்தேன். அவர் பூண்டை உரித்துக்கொண்டே இருந்தார். உள்ளே ஒரு மனிதர் இருக்கிறார் என்று சொல்வதற்கு அந்தக் குகையில் இருந்தது அந்த ஒரு பிஸ்கெட்தான். அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, அவர் வெளியே வந்தாயிற்று என்று நானே சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"வர்ற மே மாசம் நான் வரல" என்றேன். "நீங்க வேற யாரோடயாவது போங்க."

"வேற யாரோட?"

"கவனமா இருக்கிறவங்க யாரோடயாவது."

"உன்னைவிடக் கவனமா யாரு இருக்காங்க?"

"அந்தக் கவனம்தானே உங்களைக் கொன்னிருக்கும்!" என்று கத்திவிட்டேன். குழம்பு அன்று ஒழுங்காக வரவில்லை.

அவர் விடவில்லை. இன்ஷூரன்ஸ் மூளை, ஆபத்தைக் கண்டால் அதைச் சுற்றி வேலி போடப் பார்க்கும். வெளியே வரும்போது வரிசையை மாற்றிக்கொள்ளலாம், தான் முன்னால் வந்தால் தன் பிஸ்கெட்டைத் தானே எடுத்துவிடலாம் என்றார். எனக்குச் சரியாகப் படவில்லை. எல்லாம் ஒழுங்காக நடக்கிற நாளில் வரிசை நிற்கும். ஒழுங்காக நடக்கிற நாளில் பிஸ்கெட்டே தேவையில்லை. வண்டல் கிளம்பி யார் முன்னே யார் பின்னே என்று குழம்புகிற நாளுக்காகத்தான் அதை மாட்டுகிறோம். அன்றைக்கு என் கை முன்னால் போய்ச் சேர்ந்தால்? ஒரு வழிகாட்டியை மூன்றாவது ஆளாக வைத்துக்கொள்ளலாம் என்றார். "அவரோடதையும் சேர்த்து எடுப்பேன்" என்றேன். அதற்கு மட்டும் இருவரும் சிரித்தோம்.

"அப்ப உன் கையைத்தான் மாத்தணும்" என்றார். "மாடியில கயிறு கட்டுவோம். அது மாறினா போவோம். மாறலைன்னா ரெண்டு பேருமே போக வேண்டாம். உன்னை விட்டுட்டுப் போக எனக்கு இஷ்டமில்ல."

குகை டைவிங்கைப் பாதி தரையில்தான் பழக்குவார்கள். மரத்துக்கு மரம் கயிறு கட்டி, கண்ணை மூடிக்கொண்டு நடக்கச் சொல்வார்கள். எங்கள் கயிற்றுச் சுருள் பெட்டிக்குள் அழுத்திக் கட்டிப் பரணில் கிடந்தது. அதை இறக்கச் சோம்பல். நான் மீன் வாங்கப் போகிற பட்டினப்பாக்கத்தில், எனக்கு வழக்கமாக மீன் போடுகிற அம்மாவின் வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். அவரிடம் வலை நூல் இருக்கும் என்று கேட்டேன்.

"இன்னா டீச்சர், மீன் வோணாம், கயிறு வோணுமா? வலை பின்னப் போறியா?" என்றார் அந்த அம்மா.

ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டே கேட்டவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"தண்ணிக்குள்ள போயும் உன் ஊட்டுக்காரரு சாமான நீதான் பொறுக்கினு கீறியா? நல்லா கீது போ! என் ஆளு கடலுக்குப் போனா இன்னா எடுத்தாரு, இன்னா வுட்டாருன்னு எனக்கு இன்னா தெரியும்? வந்துட்டாரான்னு பாத்துக்கினு குந்தியிருப்பேன். அதுவே பெரிய வேலை டீச்சர்."

நூலை ஒரு பெரிய சுருளாகவே கொடுத்தனுப்பினார்.

ஞாயிறு மாலை மொட்டை மாடியில் கட்டினோம். படிக்கட்டுக் கதவிலிருந்து கயிறு கிளம்பும். துணி காயப்போடும் கம்பத்தில் சந்தி. அங்கிருந்து ஒரு கிளை லிஃப்ட் அறைச் சுவருக்கு, இன்னொன்று தண்ணீர்த் தொட்டிக்கு. தொட்டிதான் எங்கள் வாசல். டைவிங் மாஸ்க் கண்ணாடியில் சப்பாத்தி சுற்றுகிற ஃபாயிலை ஒட்டிக்கொண்டால் ஒரு பொட்டு வெளிச்சம் வராது. இரண்டாவது மாடி மாமி துணி எடுக்க வந்தவர், "இது என்ன கூத்து, ரெண்டு பேரும் கண்ணைக் கட்டிண்டு?" என்று கேட்டார். விளக்கிச் சொன்னதும் புரிந்ததோ இல்லையோ, எங்கள் கயிற்றைத் தாண்டித் தாண்டித் தன் துணியை எடுத்துக்கொண்டு போனார்.

நான் முன்னால் நடந்தேன். கம்பம் வந்தது. ஒரு வெட்டு, என்னுடையது, எடுத்தேன். நடந்தேன். தொட்டியைத் தொட்டு மாஸ்க்கைக் கழற்றினேன். கையில் இரண்டு பிஸ்கெட்.

தெரிந்திருந்தும், அதற்காகவே கயிறு கட்டியிருந்தும், இரண்டு. என் கையைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது. அன்று நாலு தடவை நடந்ததில் இரண்டு தடவை அப்படித்தான் ஆயிற்று.

கயிற்றை அவிழ்த்துக்கொண்டே அவர் மெதுவாகச் சொன்னார். "வீட்டுலயும் எடுக்காதே. இங்க மட்டும் விட்டா ஆகாது. ரெண்டு இடத்துலயும் ஒரே கைதானே."

நியாயமான பேச்சு. எனக்குச் சுருக்கென்று தைத்தது. இருபத்தோரு வருஷமாக நான் அவரை நேசித்தது இந்த வழியில்தான். உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு இனிக்க இனிக்கப் பேச எனக்கு வராது. துண்டை எடுத்துக் காயப்போடுவேன், கண்ணாடியைத் துடைத்து வைப்பேன், அதுதான் நான். அதை எடுக்காதே என்றால் நான் இந்த வீட்டில் வேறு என்ன செய்வது? இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தேன். அவரும் சமாதானம் செய்யவில்லை. ஆனால் கயிற்றைப் பரணில் போடாமல் கண்ணில் படும்படி சோபா மேலேயே வைத்திருந்தார்.

மூன்றாம் நாளிலிருந்து எடுப்பதை விட்டேன். அந்த வாரத்தை என்னவென்று சொல்ல. ஈரத் துண்டு கட்டிலில் கிடந்து கிடந்து அறையே நாறியது. டிபன் டப்பா மேசையிலேயே இருந்தது. அவர் கேன்டீனில் சாப்பிட்டார். ஒரு நாள் கண்ணாடி இல்லாமல் தேனாம்பேட்டை வரை போய்விட்டு, மெட்ரோ வேலைக்காகத் திருப்பிவிட்ட தெருக்களையெல்லாம் சுற்றிக்கொண்டு திரும்ப வந்தார். "கண்ணாடியப் பாத்தியா?" என்றார். கண்ணாடி டிவிக்குப் பக்கத்தில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு வெங்காயம் நறுக்கினேன். அவர் அறைக்கு அறை போய், கடைசியில் தானே கண்டுபிடித்து மாட்டிக்கொண்டு போனார். கதவு சாத்தியதும் எனக்கு அழுகை வந்தது. வெங்காயம் என்றுதான் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவது ஞாயிறு. மாலை ஐந்து மணிக்கு மாடியில் இன்னும் வெயில் இருந்தது. நிஜமாகவே சிக்கிக்கொண்டவர் மாதிரி அவர் கதவுப் பக்கம் தங்கிவிட வேண்டும், நான் முன்னால் போக வேண்டும் என்று ஏற்பாடு. கண் தெரியாமல் கம்பத்துக்கு வந்தேன். ஒரு வெட்டு. எடுத்தேன். அடுத்ததின் மேல் விரல் போய் நின்றது. இரண்டு வெட்டு. அதன் ஓரம் வெயிலில் சூடாக இருந்தது. விரலை எடுக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன். அவர் உள்ளே இருக்கிறார் என்று எனக்குள் சொல்லிக்கொண்டு, அதை விட்டுவிட்டு நடந்தேன். தொட்டிக்கு வந்து மாஸ்க்கைக் கழற்றினேன். கையில் ஒன்றுதான் இருந்தது.

திரும்பிப் பார்த்தேன். கட்டம் போட்ட லுங்கியும் பழைய பனியனும் ஃபாயில் ஒட்டிய மாஸ்க்குமாக அவர் கயிற்றைத் தடவியபடி வந்துகொண்டிருந்தார். சிரிப்பு வந்தது. கம்பத்தை அடைந்து நின்றார். ஓர் அம்பைத் தடவினார். இன்னோர் அம்பு. பிறகு விரல்கள் பிஸ்கெட்டைத் தேடின. லிஃப்ட் அறைப் பக்கத்துக் கயிற்றில் தேடின. அங்கே இல்லை.

என் சிரிப்பு போய்விட்டது. மாஸ்க்குக்குக் கீழே அவருடைய வாய் மட்டும் தெரிந்தது. உதடு பிரிந்து அப்படியே நின்றுவிட்டது. மொட்டை மாடியில் நிற்கிறோம் என்று அவருக்குத் தெரியும். கீழே ஆட்டோ ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் அந்த வாய் குகைக்குள்தான் இருந்தது. அன்று வண்டலுக்குள் நான் வந்து தொடும் வரை அவர் இப்படித்தான் நின்றிருக்கிறார். "இந்தப் பக்கம், கம்பத்தை ஒட்டி" என்று தொண்டை வரை வந்துவிட்டது. இரண்டு கையாலும் என் வாயைப் பொத்திக்கொண்டேன்.

விரல்கள் இந்தப் பக்கம் வந்தன. தொட்டன. ஒரு வெட்டு, இரண்டு வெட்டு என்று தடவிப் பார்த்தன. "இயேசுவே" என்று தனக்குள் அவர் சொல்லிக்கொண்டது தொட்டி வரை கேட்டது. அதைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, என் பக்கம் திரும்பி, தயங்காமல் நடந்து வந்தார். நீட்டிய கை தொட்டியில் பட்டது, பிறகு என் தோளில்.

"இருந்துது" என்றார். "நீ எடுக்கல. இருந்துது."

"மே மாசத்துக்கு டிக்கெட் போடுங்க" என்றேன். குரல் சரியாக வரவில்லை.

"அழறியா?"

"இல்லையே."

அவர் மாஸ்க்கைக் கழற்றவில்லை. தோளிலிருந்து கழுத்துக்கு, கழுத்திலிருந்து கன்னத்துக்கு என்று தடவித் தடவி வந்து, ஈரத்தைத் தானே கண்டுபிடித்தார்.